நாலாவது குடம்

“உனக்கு எதுக்குடி தண்ணி?” என்று ராஜாத்தி கேட்டதும் குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

திருவொற்றியூர்க் குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வந்து மூன்று நாளாகிவிட்டது. தெருமுனையில் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. நாலாவதாக இருந்த பச்சைக் குடத்தின் பக்கத்தில் குணசுந்தரி நின்றாள்.

“நேத்து கவுன்சிலரு உன் வூட்டுக்குன்னு தனியா ரெண்டு டிரம் அனுப்பினாரே, அது இன்னாச்சி?”

“அல்லாம் தீந்துபூட்ச்சி, அக்கா.”

“ஒரே நாள்லயா? மகாராணி கணக்கா குளிச்சியா?”

“நான் எங்க குளிச்சேன்? நீங்கதான் என்னைக் குளிப்பாட்டுனீங்க. அதுக்கே ஒரு டிரம் போச்சி. சுடுகாட்டுல இருந்து வந்த ஆம்பளைங்க இன்னொரு டிரம்முல தல முழுகிட்டாங்க. உன் வூட்டுக்காரரு மட்டும் நாலு பக்கெட்டு ஊத்திகினாரு. எம் புள்ளைங்க குடிக்க ஒரு சொம்பு தண்ணி இல்லக்கா.”

முந்தாநாள் செத்துப்போனவள் எதிரில் நின்று பேசியும் யாரும் ஓடவில்லை. ஓடினால் வரிசையில் இடம் போய்விடும்.

ராஜாத்தியும் நகரவில்லை. “பாவம்தான். அதுக்காக? வரிசை உசுரோட கீறவங்களுக்குத்தான். கொடத்தை எட்த்துகினு போ.”

“இது உசுரோட இருக்கசொல்ல வெச்ச கொடம், அக்கா. முந்தாநேத்து காலைல.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்த குடத்தை யாரும் நகர்த்தக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். அதைப் போட்டதே ராஜாத்திதான்.

லாரி வந்தது. தன் முறையில் குணசுந்தரி குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள்.