பெரிய பூவாப் போடு

“போன மாசம் எங்க ஆபீஸ்ல ரிட்டயரான ஒரு அம்மாவுக்குன்னு சால்வையில பேர் தைச்சியே, அதே மாதிரி சால்வை. கிறிஸ்துமஸுக்கு உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். டிசைன் நீயே போட்டுக்க,” என்றான் கணவன்.

அவள் எம்பிராய்டரி மெஷினில் டிசைன்களைத் தள்ளிப் பார்த்தாள். “மூலையில சின்னதா நட்சத்திரம்?”

“வேணாம். துணியே தெரியாம அடர்த்தியா, பெரிய பூவாப் போடு.”

“விறைச்சுப் போயிடுமே!”

“என் ஆசைம்மா.”

உருகிப்போனாள். ஃபிரேமில் துணியைப் பூட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். மூலையில், நூல் பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. அவள் தைத்த அதே பெயர்.

ரிட்டயரான எந்த அம்மாவும் பேரைப் பிரித்தெறிந்து, சண்டை போட்டுச் சால்வையைத் திருப்பித் தரமாட்டாள்.

மெஷினில் அந்தப் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது. அதே துளைகளின் மேல் மறுபடி தைத்து, அவன் மடியில் போட்டாள்.

“பூவெல்லாம் வேணாங்க. அந்தம்மாவுக்குப் பேருதான் எடுப்பா இருக்கு.”