எட்டு நொடி

நவநீதன் அந்த ஆன்லைன் விளையாட்டில் தன் பெயருக்குக் கீழே 'எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்' என்று ஒரு வரி எழுதிவைத்தான். யாரோ புகார் கொடுத்தார்கள். பாலியல் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று விளையாட்டை நடத்துபவர்கள் வரியை அழித்து, முப்பது நாளைக்கு அவன் வாயையும் அடைத்துவிட்டார்கள். ஆடலாம், மற்றவர்கள் பேசுவதைக் கேட்கலாம். பேசவோ எழுதவோ முடியாது. அவன் அணியில் ஆடும் கிஷோரின் பெயருக்குக் கீழே 'ஷாலு என் உசுரு' என்பது அப்படியே இருந்தது.

நவநீதன் தன் வரியை அதே அணியில் ஆடும் ஜெபினுக்காகத்தான் எழுதினான். ஜெபினை நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனில் கேட்கும் மார்த்தாண்டத்துக் குரல்தான். அழிப்பதற்குள் அவன் படித்தானா என்று தெரியவில்லை.

விளையாட்டில் விழுந்தவனை எழுப்ப, அணியில் ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டு நெஞ்சில் எட்டு நொடி கைவைத்திருக்க வேண்டும். நடுவில் எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. எதிரி யாருமே இல்லாத ஒரு மாடியிலிருந்து நவநீதன் குதித்தான்.

"எங்கடே பாத்து நடக்க?" என்று ஜெபின் ஓடிவந்து எழுப்பினான். நவநீதன் மறுபடியும் ஏறிக் குதித்தான். மூன்றாம் முறையும் அவன் குதித்தபோது ஜெபின் வந்து மண்டியிட்டான். கை நெஞ்சில் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் கையை எடுத்துவிட்டான்.

"கிஷோரே, நீ முன்னால போ. இவன எழுப்ப கொஞ்சம் நேரம் ஆவும்."

பிறகு கையைத் திரும்ப வைத்தான். திரையில் ஒன்று என்று வந்தது.