இறங்குவதற்கு ஒரு மணி

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர அகதி விடுதியின் பொது அறையில், ஞாயிறு பிற்பகல் வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடக்கிறது. அன்ரெனா வளைந்த தொலைக்காட்சியில் பழைய இங்கிலாந்து நகைச்சுவை ஒன்று ஓடுகிறது. பறக்கும் விமானத்தில் தொப்பிக்காரர் ஒருவர், பஸ்ஸில் செய்வதுபோல, இறங்குவதற்கு மணியை அழுத்துகிறார். பணிப்பெண் கதவைத் திறந்துவிட, அவர் குடையை விரித்து மேகத்தின்மேல் நடந்து போகிறார். நிகழ்ச்சியின் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அமலதாஸ் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை அவனைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் கடிதம் சட்டைப்பையில் நாலாய் மடிந்திருக்கிறது. "வரேக்க பிளேனில சீற்றுக் கைப்பிடியில இருக்கிற, பணிப்பெண்ணைக் கூப்பிடுற மணியை நான் தொடவே இல்லை அக்கா," என்கிறான். "ஆரும் முகத்தைப் பாக்கக்கூடாதெண்டு களவா அனுப்பின ஏஜென்சிக்காரன் சொன்னவன். பத்து மணித்தியாலம் தண்ணிகூடக் கேக்கேல்லை." அவனுடைய பயணச் சட்டையை மேசையில் விரித்துத் தேய்க்கும் பக்கத்து அறைக் கொறற்றி அக்கா தலை நிமிராமல் சொல்கிறார்: "இந்தமுறை அமத்திக் கேள் தம்பி. இனி ஆருக்குப் பயம்?" இஸ்திரிப்பெட்டி ஈரத்துணியில் சீறுகிறது. திரையில் அடுத்தவர் மணியடிக்க, கதவு மறுபடி திறக்கிறது. கதிரையின் கைப்பிடியில் அமலதாஸின் பெருவிரல் ஒருமுறை அழுந்தி எழுகிறது.