கடைசியில் ஒரு கசப்பு

“ஆயிரத்து ஐந்நூறு யென்னுக்கு இப்படியொரு உசத்தி சாக்கே எங்க கிடைக்கும்? அந்தப் பேரிக்கா வாசனையைப் பாருங்க” என்றபடி அந்த அரிசி மதுவைக் கோப்பை வழிய ஊற்றினாள் மதுக்கடைக்காரி கினுவே.

புதிதாக வந்திருந்த பெரியவர் ஒரு வாய் உறிஞ்சினார். “சுமார்தாம்மா. கடைசில கசக்குது.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்த சோயா பயறான நாட்டோவை வைத்தாள்.

அவர் பதறி விலகினார். “எடுத்துடுங்க. பனிக்காலம் முடியுற வரைக்கும் அது என் பக்கமே வரக்கூடாது.”

நாட்டோவின் கிருமி ஒட்டினால் பனிக்காலத்தில் போடும் சாக்கே ஊறலே பாழாகிவிடும். அதற்கு இப்படிப் பயப்படுகிறவர்கள் சாக்கே வடிக்கிறவர்கள் மட்டும்தான்.

“அப்போ இதை வடிச்சதே நீங்கதானா?”

பெரியவர் தலைகுனிந்தார். “அடுத்த வருஷம் அந்தக் கசப்பை எடுத்துடுறேன்.”

“அதுல மட்டும் கை வெச்சீங்கன்னா ஒரு புட்டிகூட வாங்க மாட்டேன். அந்தக் கசப்புக்காகத்தான் ஏழு வருஷமா இதை ஊத்திக்கிட்டிருக்கேன்.”