ஐஸ் பெட்டி

அப்பா அந்தப் பழைய காரை யாரையும் தொட விட்டதில்லை. ஜெகதீசன் அதில், வேகம் கூட்ட என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரே மாட்டிவிட்டான். என்ஜின் கொதித்தது.

திண்டிவனம் மெக்கானிக் விருத்தாசலம், உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கத் தானே செய்த இன்டர்கூலரைப் பொருத்தி, வண்டியைக் கிளப்பினார். ஜெகதீசன் குழாயைத் தொட்டான். சூடே இல்லை.

“இந்தக் கூலிங் காயிலை எங்கண்ணா புடிச்சீங்க?”

“ஐஸ் பெட்டியில கழட்டனது.”

“குல்பி வண்டியா?”

விருத்தாசலம் துணியில் கையைத் துடைத்தார்.

“இல்லப்பா. எங்க மச்சான் சாவு வூட்டுக்கு வாடகைக்கு வுடற பெட்டி. போன மாசம் உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனதோட சரி, மோட்டார் பூட்ச்சி.”

ஜெகதீசன் கையை எடுக்கவில்லை. அன்றைக்கும் இப்படித்தான், அழாமல் பெட்டிக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே நின்றான். உள்ளே படுத்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை.