செபஸ்தியானின் குரல்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, கடற்கரையில் மீன் ஏலம் கூறும் செபஸ்தியானுக்குக் குரல் எழும்பவில்லை. மனைவி ரெஜினாள் போனில் ஏஐ செயலிகளைத் தேடினாள். முதல் செயலி வங்கிக்கு அருமையாகக் கடிதம் எழுதியது. ஏலம் கூறச் சொன்னால், "மதிப்பிற்குரிய வியாபாரப் பெருமக்களே" என்று ஆரம்பித்தது. இரண்டாவது, விலையைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தது. கரையே சிரித்தது. செபஸ்தியான் தலைகுனிந்து வீடு திரும்பினார்.

மூன்றாவதற்கு ரெஜினாள் அவருடைய பழைய ஏல வீடியோக்களைக் கொடுத்தாள். மறுநாள் கரையில் அவர் போனில் எழுத்துகளைத் தட்ட, ஒலிபெருக்கியில் அவருடைய கரகரத்த குரலே கிளம்பியது.

"சீலா மீன் ஆயிரம்! யாருல கேக்கா?"

கூட்டம் ஒலிபெருக்கியை நெருங்கி வந்தது. பின்னாலிருந்து ஒரு வியாபாரி தயங்கிக் கத்தினார்: "ஆயிரத்து நூறு, அண்ணாச்சி!"

செபஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

"நூறு ரூவா ஏத்த இம்புட்டு நேரமால?"