பாப்பா

ஸ்பானிஷ் வகுப்பின் விதி வீட்டிலும் செல்லும். கண்விழித்ததிலிருந்து தூங்கும்வரை பள்ளி கொடுத்த, பேச்சையெல்லாம் பதிவுசெய்யும் ஒலிவாங்கிப் பொத்தான் சட்டைக் காலரில் இருக்க வேண்டும். ஒரு தமிழ்ச்சொல் வாயிலிருந்து விழுந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். கால் இடறி ‘ஐயோ’ என்றாலும் போய்விடும். பதினோராம் வகுப்புச் செவ்வந்தி ஆண்டு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காப்பாற்றினாள்.

வீட்டில் அவளும் அப்பா சோலைமலையும்தான். முதல் நாள், பழமண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்த சோலைமலையை அவள் “பாப்பா” என்று கூப்பிட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “நானா பாப்பா?” என்று சிரித்தார். விளக்கினால் மதிப்பெண் போகும். புன்னகையோடு விட்டுவிட்டாள்.

நாளாக ஆக அவர் பேச்சு குறைந்தது. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவதோடு சரி. தன் மதிப்பெண்ணுக்காகத்தான் அப்பா வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

தேர்வு முடிந்ததும் பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

“முழு மார்க்குப்பா! இனிமே தமிழ்லயே பேசலாம். பாப்பான்னா அந்த பாஷையில அப்பான்னு அர்த்தம், தெரியும்ல?”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சோலைமலையின் கை நின்றது.

“அப்பாவா? இந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப்பிள்ள மாதிரின்னு குத்திக் காட்டுறியோன்னு நெனச்சேன்த்தா. அதான் உங்கிட்ட வாயே தெறக்கல.”

செவ்வந்தி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். ஓராண்டாக ஸ்பானிஷ் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

“பெர்தோன், பாப்பா.”